ஜெஸ்டினின் கம்ப்ரசர்

நடுச்சாமம் தாண்டியிருந்தது. பழையகாயலுக்கு இந்தப் பக்கம், இரண்டு புறமும் உப்பளம்... நடுவில் ரோடு. ஆள் இல்லை, நாய்கூட இல்லை. அங்கேதான் பாண்டியராஜின் லாரி பின்சக்கரத்தில் காற்று இறங்கி நின்றது. எந்தப் பாண்டியராஜ் என்கிறீர்களா? நம்ம டீக்கடைச் செண்பகத்தின் கொழுந்தன்தான். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது கத்திச் சொல்லுகிற சங்கதி இல்லை.

பாண்டியராஜுக்கும் ஜெஸ்டினுக்கும் ஒரே முதலாளி. ஜெஸ்டின் கையோடு கொண்டுபோகிற கம்ப்ரசர் ஒன்று வாங்கினான். சிவப்பு நிறம், பேட்டரியில் நேராக மாட்டுகிற கிளிப், பின்சக்கரம் வரை எட்டுகிற டியூப். வழியில் காற்று இறங்கினால் தானே அடித்துக்கொண்டு நேரத்துக்கு வந்துவிடுவான். புது டிரெய்லர் அவனுக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். பாண்டியராஜுக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. மதினி செண்பகமே சொன்னது.

அவனும் கடைக்குப் போனான். லாரிக்கு இருபத்து நாலு வோல்ட் மெஷின்தான் சரி, நீ எடுக்கிறது காருக்கு உள்ள பன்னிரண்டு வோல்ட் என்று கடை அண்ணாச்சி படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டது? ஜெஸ்டினுடையதைவிடப் பெரிதாக, பளபளவென்று இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தான் புண்ணியவான்.

அதைத்தான் அந்த ரோட்டில் லாரி பேட்டரியில் மாட்டினான். டர்ர்ர்... கருகுகிற நாற்றம். அவ்வளவுதான். பாண்டியராஜுக்கு அழுகையே வந்தது. ஜெஸ்டினிடம் அந்தச் சிவப்பு மெஷின் இல்லாமல் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னான்.

உப்பளத்துத் தண்ணீரில் சளக்... சளக்... யாரோ நடந்து வந்தார்கள். முகம் தெரியவில்லை. அழுகின பாசி நாற்றம். கையில் சிவப்புக் கம்ப்ரசர். அதன்மேல் பெயிண்டில் ஜெஸ்டின் பெயர்.

"அவன்கிட்ட இருக்கக் கூடாதுன்னுதானலே கேட்ட? இந்தா."

ஓடியிருக்க வேண்டுமா, இல்லையா? கை நீட்டி வாங்கினான். பொறாமை அப்படி. மாட்டினான். டக டக டக... காற்று மீட்டரில் முள் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

போன் அடித்தது. ஜெஸ்டின். குலசேகரன்பட்டினம் தாண்டிக் காற்று இறங்கி இருட்டில் நிற்கிறானாம். பூட்டின டூல்ஸ் பெட்டிக்குள் கம்ப்ரசரைக் காணோமாம். உன்னுடையதைக் கொண்டுவர முடியுமா என்று கெஞ்சினான்.

"என்னுது புகைஞ்சு போச்சுலே" என்றான் பாண்டியராஜ். பொய்யில்லை. சொல்லும்போது மனசு குளிர்ந்தது.

விடியுமுன் ஜெஸ்டின் போய்விட்டான். சக்கரத்தடியில் குனிந்திருந்தவனை, பின்னால் வந்த வண்டிக்காரன் பார்க்கவில்லை.

டிரெய்லர் பாண்டியராஜுக்கு வந்தது. பெயரைச் சுரண்டிவிட்டு அந்தக் கம்ப்ரசரையும் வைத்துக்கொண்டான். மற்ற டிரைவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். கண்ணு வைக்காதீங்கலே என்று சிரிப்பான்.

போன மாதம், எட்டயபுரம் ரோட்டில், டிரெய்லருக்குப் பின்னால் உஸ்ஸ்ஸ்... இறங்கினான். டூல்ஸ் பெட்டியில் போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. திறந்தால் உள்ளே காலி. செண்பகத்துக்குப் போன் போட்டு, அன்றைக்கு நடந்ததை முதன்முதலாக ஒன்றுவிடாமல் கொட்டினான். இப்போது யார் எடுத்திருப்பார் மதினி என்று கேட்டான். உடனே போனில் வேறு ஒரு குரல், அவன் பக்கத்திலிருந்து.

"தேடாதலே. இன்னொருத்தன் கேட்டான், குடுத்துட்டேன்."