கோமாவில் கிடக்கும் கதாநாயகன்

— ...அப்ப கையெழுத்து போட்டாச்சா, இல்லையா?

— உட்காருடா முதல்ல. டைரக்டர் நின்னுகிட்டே இருந்தா தயாரிப்பாளருக்குப் பயமா இருக்கு.

— அக்கா, விளையாடாத. சேனல்காரர் வந்திருக்காருன்னு மேக்கப் ரூம்ல சொன்னாங்க. சீனைப் பாதியில விட்டுட்டு ஓடி வரேன்.

— வந்தாரு. நம்ம செட்டுல இதே சோபாவுலதான் உட்கார்ந்தாரு. அந்த மாடிப்படியைப் பார்த்து, மேல எத்தனை ரூம்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— மேல ஒண்ணுமே இல்ல சார், ஏறிட்டா அந்தப் பக்கம் ஏணி வச்சுத்தான் இறங்கணும்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. மனுஷன் அவ்வளவு சந்தோஷமா இருக்காரு. நம்ம சீரியலுக்கு டி.ஆர்.பி. ஏறியிருக்காம். இன்னும் ஒரு வருஷம் பண்ணித் தாங்கன்னு அக்ரிமென்ட்டை நீட்டினாரு.

— இப்ப எங்க அவரு?

— இருப்பாரு... நீ சொல்லு. போடவா?

— ஒரு வருஷமா...

— ஏன் குரல் இறங்குது?

— இல்லியே. நல்ல விஷயம்தானே. சந்தோஷம்தான்.

— உன் சந்தோஷம் மூஞ்சிக்கு வந்து சேர நேரமாகும் போல.

— உனக்கு மட்டும் என்னவாம்? பேனாவை மூடி மூடித் திறந்துகிட்டிருக்க.

— டி.ஆர்.பி. ஏன் ஏறிச்சு தெரியுமா? கதாநாயகன் கோமாவுல கிடக்கிறானே, அதுக்குத்தானாம். கண்ணைத் திறப்பானா மாட்டானான்னு வேலையை விட்டுட்டு உட்கார்ந்து பார்க்கிறாங்களாம். உன் டைரக்டருக்கு என்ன மூளைம்மான்னு என்கிட்டயே சொல்றாரு.

— ஐயோ கடவுளே...

— என்னடா, பாராட்டினா தலையில கை வைக்கிற?

— மாசக்கணக்கா ஒருத்தன் படுத்தே கிடக்கிறான். ஒரு வசனம் கிடையாது. இதைப் போய் யாரு பார்ப்பாங்கன்னு...

— யாரு பார்ப்பாங்கன்னு?

— யாரும் பார்க்க மாட்டாங்கன்னுதான்கா அவனைப் படுக்க வச்சேன்.

— டேய்...

— திட்டிக்கோ, பரவால்ல. டி.ஆர்.பி. விழும், சேனல்லயே நிறுத்திடுவாங்க, நான் வாயைத் திறக்க வேண்டியதில்லன்னு நினைச்சேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— எந்த மூஞ்சியோட? நிம்மதியா புரொடக்‌ஷன் மேனேஜர் வேலை பார்த்துகிட்டிருந்தவ நீ. என் கதையை நம்பிப் படத் தயாரிப்பாளர் ஆயிட்ட. படம் வந்த ரெண்டாம் நாளே தியேட்டர்ல நீயும் நானும் டிக்கெட் கிழிக்கிறவரும்தான் இருந்தோம். அதுக்கப்புறமும் என்னையே டைரக்டரா வச்சு இந்த சீரியலை ஆரம்பிச்ச. இது உன்னைத் தலை நிமிர வச்சுது. எனக்கு முடியலைன்னு எப்படிச் சொல்வேன்? தினம் காலையில வர்றப்ப, இன்னைக்காவது செட்டுல கரண்ட் போயிடணும்னு வேண்டிகிட்டே வரேன்.

— ...போன வருஷம் நம்ம சீரியலை ராத்திரியிலேருந்து மத்தியானத்துக்கு மாத்தினாங்க இல்ல?

— ஆமா. நீ கூட சேனலுக்குப் போய்ச் சண்டை போட்டியே.

— சண்டை போடலடா. கெஞ்சினேன். தயவுசெஞ்சு மத்தியானத்துக்கு மாத்துங்கன்னு.

— அக்கா...

— சாப்பிட்டுட்டு எல்லாரும் தூங்கிடுவாங்க, சீரியல் தானா அணைஞ்சுடும்னு ஒரு கணக்கு. உன் ஆளு கோமாவுல படுத்தான், ஊர்ல ஒருத்தரும் தூங்கல.

— சிரிக்காதக்கா. எனக்கும் வருது... உனக்கு என்ன ஆச்சு? இந்தத் தொழில்னா உயிரை விடுவியே.

— போன வருஷம் ஒரு நாள் என் பொண்ணு வெளியூர்லேருந்து போன் பண்ணி அழுதா. வேலை பிடிக்கல, தனியா இருக்க முடியல, திரும்பி வந்துடவாம்மான்னு கேட்டா. நானோ, இது சீரியல் சீனா இருந்தா ‘வந்துடவாம்மா’ங்கிற இடத்துல விளம்பரத்துக்கு விட்டா நல்லாயிருக்குமேன்னு யோசிச்சுகிட்டிருந்தேன். அவ, அம்மா, லைன்ல இருக்கியான்னு கேக்கிறா. இருந்தேனான்னு எனக்கே தெரியல.

— அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?

— படம் ஊத்திக்கிட்டப்ப நீ ரூமை விட்டே வெளிய வரல. அம்மா தட்டை வாசல்ல வச்சுட்டு, கதவைத் தட்டிட்டுப் போயிடுவாங்க. சீரியலுக்குப் பூஜை போட்ட அன்னைக்குத்தான் நீ ஷேவ் பண்ணின. இதையும் நிறுத்தினா நீ திரும்ப உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவியோன்னு... சாத்திக்குவியாடா?

— மாட்டேன்.

— யோசிச்சு சொல்லு.

— யோசிச்சுத்தான் சொல்றேன். வாரக்கணக்கா தூங்குவேன். கதவைத் திறந்து வச்சுட்டே தூங்குறேன், போதுமா? அப்புறம் ஏதாவது எழுதுவேன். எல்லாரும் எழுந்து நடமாடுற கதையா.

— ...போதும்.

— ஆனா நம்ம யூனிட்? லைட்மேனுங்க, மேக்கப் அக்கா... அவங்க பொழப்பு?

— வேற கம்பெனியில பேசியாச்சு. இது முடிஞ்ச கையோட எல்லாரையும் எடுத்துக்கிறாங்க.

— பேசியாச்சா? எப்ப?

— பேசினேன், விடு.

— சரி, எழுந்திரு. ரெண்டு பேருமா போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துடலாம். நீ தனியா போனா அவரு பேசியே உன்னைக் கரைச்சுடுவாரு. எந்த ரூம்ல இருக்காரு?

— எந்த ரூம்லயும் இல்லடா. நீ ஓடி வர்றதுக்கு முன்னாடியே வேணாம்னு சொல்லி அனுப்பி வச்சுட்டேன். இனிமே என்னக்கா பண்ணுவேன்னு நீ அழுதா என்ன சொல்றதுன்னு பயந்துதான்... இவ்வளவு நேரமா உன் வாயைப் பிடுங்கிகிட்டிருந்தேன்.