பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்து

அந்த மணியை அழுத்தி அழுத்தி உங்க விரல்தான் தேயும் அங்கிள், அது செத்து ஒரு வருஷமாச்சு. லிஃப்ட் இப்படி நடுவுல நின்னுட்டா போன்ல டவரும் வராது. ஆமா, வயர்லெஸ் கம்பெனி இருக்கற கட்டடம்தான்! சிரிக்காதீங்க, எங்க அம்மா நொந்துடுவாங்க.

நீங்க பார்க்க வந்த மேடம்தான் எங்க அம்மா. மொத்தமே ஆறு பேர் கம்பெனி. சிப் டிசைன் பண்ற அண்ணன் மூக்காலயே பேசுவார்: மேடம்ம்... ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு, மூணாவதும் போச்சுன்னா நான் பேக்கரி வச்சுடறேன்ம்... எப்படி? அச்சு அசல் அவரேதான்! மூணாவது சிப் நகம் அளவுதான் அங்கிள். சின்ன பேட்டரில பத்து வருஷம் ஓடும், சிக்னல் நாலு கிலோமீட்டர் போகும். அண்ணன் மேஜை மேல ஏறி ஆடினார். மேஜை போச்சு.

அதனாலதானே பெட்டியும் கையுமா வந்திருக்கீங்க? அஞ்சு வருஷத்துக்கு உங்க கம்பெனிக்கு மட்டும்தான் சிப். இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள பேப்பர் வந்துட்டா அம்மா கையெழுத்துப் போட்டே ஆகணும், எழுதிக் குடுத்துட்டாங்க. தாண்டிட்டா யாரோட வேணா சேரலாம். மாடு எங்க மேயுதுன்னு காட்டற கழுத்துப் பட்டை செய்யற அக்கா ஒருத்தங்க நடையா நடக்கறாங்க: ஏம்மா, உங்க சிப்பு எங்க மாட்டைவிட புத்திசாலியா இருக்கேம்மா! தண்ணி மீட்டர்காரர் வேற.

வேர்க்குதா? ஃபைலால விசிறிக்கோங்க.

உங்க எம்.டி. குரலா? போன மாசம் இங்க வந்தப்போ கேட்டேனே, அவர் குரல் வராமலா? க்ஹும்... என்னய்யா, அந்தப் பொடி சிப்பு கைக்கு வந்ததும் என்ன பண்றதா உத்தேசம்?

ஏன் அங்கிள் முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

ஆமா, முந்தாநாள் இதே குரல்ல போன் பண்ணினது நான்தான். சும்மா கலாய்க்கலாம்னுதான். புது நம்பராச்சேன்னுகூட யோசிக்காம நீங்கதான் மளமளன்னு கொட்டினீங்க, அலமாரில வச்சுப் பூட்டிடலாம் சார், நம்ம சிப்புக்குப் போட்டியே இருக்காதுன்னு. எனக்குச் சிரிப்பே வரல அங்கிள்.

அம்மாகிட்ட சொல்லல. சொன்னாலும், வாக்கு குடுத்துட்டேன்டின்னு கையெழுத்துப் போட்டுடுவாங்க.

மணி என்ன? பன்னெண்டு ரெண்டா? அப்பாடா, முதுகு மரத்துப் போச்சு. லிஃப்ட் கெட்டெல்லாம் போகல அங்கிள், ஸ்டாப் பட்டன் மேலதான் சாஞ்சுட்டிருந்தேன். தோ, நகந்துட்டேன். உங்களுக்கு எந்த மாடி, கீழேதானே?