நடு ரிஷபம்

ராத்திரி ஒரு மணி. பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டுக்கு வரும் ஏரிக்கரை ரோடு... ஈ காக்கை இல்லை. நம்ம ஊர் லோகநாதனுடைய சித்தப்பா, பேண்டுக்காரர் சம்பத், கல்யாண ஊர்வலத்தில் வாசித்துவிட்டு, கக்கத்தில் கிளாரினெட்டோடு தனியாக வந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

முதல் ஜெர்மன் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சம்பத்துக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் வேம்புலி. பட்டாளத்து பேண்டில் கிளாரினெட். சண்டைக்கு இராக்கில் பஸ்ரா பக்கம் போனவர் துருக்கிக்காரனிடம் சிறைப்பட்டார். அங்கிருந்து வந்தது ஒரே ஒரு கார்டு. 'இவங்க பட்டாள மார்ச்சுகூட ராகத்துலதான் வாசிக்கிறாங்க. ஸரிகமவுல நம்ம ரெண்டு ரிஷபத்துக்கும் நடுவுல ஒண்ணு வெச்சிகீறாங்க. கத்துக்கினு வந்து சொல்லித் தரேன்.' அப்புறம் கடுதாசி இல்லை. சாவுத் தந்தியும் இல்லை. அண்ணி அங்கம்மா பொட்டை அழிக்காமல் காத்திருந்தாள்.

ஏரி மதகைத் தாண்டும்போது கேட்டது. டும்... டும்... பெரிய டமாரம். மழையே இல்லை, ஆனால் நனைந்த கம்பளி வாடை. கூட்டமாகக் காலடி... மூன்று எட்டு வைத்து ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று எட்டு. ரோட்டில் ஆளே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிளாரினெட்.

சம்பத் ரோட்டோரமாக ஒதுங்கினார். ஆனாலும் காது சும்மா இருக்குமா? அந்த ரிஷபம் சரியாக நிற்கவில்லை... இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. பேண்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் சுருதி தப்பினால் வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்து ஆள் சரியான ஸ்வரத்தை அழுத்தி ஊதிக் காட்டுவான். பழகின கை... சம்பத் ஊதிக் காட்டிவிட்டார்.

எல்லாம் நின்றது.

ரொம்ப நேரம் கழித்து... மூன்று எட்டு. வந்த வழியே, தூரமாக.

அப்போதுதான் கார்டில் எழுதியிருந்த நடு ரிஷபம் ஞாபகம் வந்தது. "அண்ணே, தப்பு என்னுதுதான்... வா" என்று இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். விடியும்வரை ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து அழுதார், பாவம்.

வீட்டுக்குப் போய் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அங்கம்மா வாசல் தெளித்துக்கொண்டே ஏதோ மெட்டை முணுமுணுத்தாள். அதே மார்ச். அதே நடு ரிஷபம், பிசகாமல். ஏது அண்ணி இந்தப் பாட்டு என்று கேட்டார்.

"உங்கண்ணன்தான். நீ வாசிக்கப் போற ராவெல்லாம் ஜன்னலாண்ட வந்து வாசிப்பாரு" என்றாள். "நேத்து மட்டும் வரல, தம்பி. வழியில யார்னா திருப்பி அனுப்பிட்டாங்களா?"