அண்ணன்கல்லு

ரயில் வராத காலம்னு வச்சுக்கோங்க. வெள்ளாத்துக்குத் தெக்கால ஓடைமேடுன்னு ஒரு ஊராம். கல்லை உடைப்பாங்களாம், காளவாயில சுடுவாங்களாம், சுண்ணாம்பை வண்டியில ஏத்துவாங்களாம். வேற பிழைப்பு இல்லை.

அந்த ஊர்ல உத்தண்டின்னு ஒருத்தன். கடற்கரைக்குச் சுண்ணாம்பு ஏத்திட்டுப் போனவன், வலைக்காரர் வீட்டுப் பொண்ணு செம்பவளத்தைக் கட்டிக்கிட்டு வந்தான். "இனி எங்களுக்கு மகளே இல்லை"ன்னு அவ பொறந்த வீடு தலைமுழுகிருச்சாம். வந்த வருசமே உத்தண்டியைக் காலரா கொண்டுபோச்சு. மாமியா அங்காயியும் அவளுந்தான் மிச்சம்.

அவ வாயைத் திறந்தா ஊர்ப் பொம்பளைங்க சிரிப்பாங்க. "கருவாடு பேசுதுடி!" அவ பேச்சையே விட்டுட்டா. கல் உடைச்சா, சுமந்தா, படுத்தா. மறுநாளும் உடைச்சா, சுமந்தா, படுத்தா.

ஒருநாள் சம்மட்டி பட்டு ஒரு பலகைக்கல்லு பிளந்துச்சாம். உள்ளே மணிமணியாக் கோத்தாப்புல ஒரு காம்பு. ஒவ்வொரு மணியும் அஞ்சு முனை நட்சத்திரம். உச்சியில விரல்விரலா விரிஞ்ச கை.

"கல்லுல பூடி!"ன்னு கூட்டம் கூடிருச்சு.

"பூ இல்லை, உசிரு. இதோட இனம் எங்கப்பன் வலையில சிக்கும். அதுக்குக் காம்பு கிடையாது, கை இதேதான். கையை விரிச்சு இரை பிடிக்கும். இங்கே கடல் இருந்திருக்கு"ன்னா செம்பவளம்.

"குடிதண்ணிக்கு மூணு கல் தூரம் நடக்குறோம், கடலாமில்ல!" ஊரே சிரிச்சுச்சு.

காளவாய் மேஸ்திரி சடையன் கல்லைத் தூக்கினான். "பூவோ புழுவோ, வெந்தாச் சுண்ணாம்பு."

அவ காளவாய் வாசல்ல குந்திட்டாளாம். "என்னையும் சேத்துச் சுடு. எங்க பக்கத்து ஆளுன்னு எனக்கு இருக்குறது இது ஒண்ணுதான்."

சடையன் கல்லைப் போட்டுட்டுப் போயிட்டான். அவ அதைச் சுமந்தாந்து வீட்டுக்கு முன்னால போட்டுக்கிட்டா. அன்னையிலேர்ந்து அவகிட்ட ஒருத்தரும் பேசலையாம். பொழுது சாஞ்சா அவ அந்தக் கல்லுகிட்ட உக்காந்து, தன் ஊர்ப் பேச்சுல, "இன்னைக்கு வாடைக்காத்து அடிக்குது, அண்ணே. கட்டுமரத்தைக் கரையேத்தியிருப்பாங்க"ன்னு சொல்லிக்கிட்டிருப்பாளாம். அங்காயி வாசல்ல நின்னு கேப்பாளாம். கிட்டப் போனதில்லை.

அஞ்சாறு வருசத்துல செம்பவளம் காய்ச்சல்ல போயிட்டா. பொம்பளை செத்தா பொறந்த வீட்டுக் கோடிச்சேலை வரணும்ல? அதைப் போத்தாம எடுக்க முடியாதே. உச்சிவெயில் வரைக்கும் ஊர் உக்காந்திருந்துச்சாம்.

"யாரு வரப்போறா? எடுங்கப்பா"ன்னான் சடையன்.

"பொறுங்கடா. அவ அண்ணன் இங்கேதான் கிடக்கான்"னு எந்திரிச்சா அங்காயி. தன் பெட்டியில இருந்த ஒரு புதுச்சேலையைக் கொண்டுபோய் அந்தக் கல்லோட விரிஞ்ச கையில வச்சாளாம். அப்புறம் எடுத்தாந்து மருமகளுக்குப் போத்தினாளாம்.

அதுலேர்ந்து அது அண்ணன்கல்லு. பொறந்த வீடு வராத பொம்பளைக்கு இன்னைக்கும் கோடியை அதுமேல வச்சுத்தான் எடுக்குறது. போன தையில எங்க ஓரகத்திக்கும் அப்படித்தான் எடுத்தோம்.