விழுந்தவர் எப்படி டெலிவரி பண்ணுவார்?

தோழர்களே, தீர்மானத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை இருக்கு, அதைச் சொல்லிடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எனக்கு வர்ற கோபம் நியாயமா இல்லையான்னு.

நம்ம பாலக்கரை சகாயராஜ்... நாப்பத்தோரு வயசு. பைக்ல வீடு வீடா சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வேலைன்னு சொல்லக் கூடாதாம்! கம்பெனி அவரை 'பார்ட்னர்'னுதான் கூப்பிடும். பார்ட்னர்... கேக்கவே குளுகுளுன்னு இருக்குல்ல?

ஒரு நாள் மத்தியானம் தில்லைநகர்ல போயிட்டிருக்கார். கொடுக்க வேண்டிய வீடு இருபது அடி தூரம்தான். நின்னுக்கிட்டிருந்த கார்ல ஒருத்தர் பின்னாடி பாக்காமலே கதவைத் திறந்தார். அவ்வளவுதான்... பைக் ஒரு பக்கம், சகாயராஜ் ஒரு பக்கம். முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா போச்சு.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? 'ஐயோ அம்மா'ன்னு கத்துவீங்க. அவரும் கத்தினார்... என்னன்னு? பக்கத்துல இஸ்திரி வண்டிக்காரர் பிச்சமுத்து ஓடி வர்றார். அவரைப் பாத்து, "அண்ணே, பை கவிழாமப் புடிங்க! சாம்பார் கொட்டிடும்!"

"யோவ், காலு கோணிக்கிட்டுக் கெடக்கு. உனக்கு சாம்பாரா?"

"லேட்டானா ஸ்டார் குறைச்சுடுவாங்கண்ணே. ஸ்டார் குறைஞ்சா நாளைக்கு ஆர்டர் வராது. அந்தப் பச்சை கேட்டு வீடு... கொடுத்துட்டு வந்துடுங்கண்ணே."

பிச்சமுத்து கொடுத்துட்டு வந்தார். சகாயராஜ் ரோட்டுல படுத்தபடியே போனை எடுத்து, 'டெலிவரி முடிஞ்சது' பட்டனை அமுக்கினார். நேரம் ஒண்ணு பன்னெண்டு. அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு போன் போச்சு. ஒண்ணு பதினஞ்சு.

அந்த மூணு நிமிஷம்... அங்கதான் வந்துச்சு வினை.

காலுக்குள்ள பிளேட் வெச்சாச்சு. நாலு மாசம் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். வீட்டுல வேற சம்பாத்தியம் கிடையாது. அவர் சம்சாரம் விண்ணரசி, விபத்துக் காப்பீடு உண்டுன்னு சொன்னாங்களேன்னு கம்பெனிக்கு போன் பண்றாங்க. அந்தப் பக்கம் ஒரு தம்பி, தேன் தடவின குரல்...

"மேடம், ஆர்டர் கையில இருக்கறப்ப விபத்து நடந்தாத்தான் காப்பீடு. சகாயராஜ் சார் ஒண்ணு பன்னெண்டுக்கே ஆர்டரை முடிச்சுட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஒண்ணு பதினஞ்சு. அப்ப அவர் வேலையில இல்ல மேடம்."

"தம்பி, விழுந்ததுக்கு அப்புறம்தான் அந்த பட்டனையே அமுக்கினார்!"

"விழுந்தவர் எப்படி மேடம் டெலிவரி பண்ணுவார்?"

கேட்டீங்களா கேள்வியை! விழுந்தவர் எப்படிப் பண்ணுவாராம்!

விண்ணரசி விடல. பிச்சமுத்துவைக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்கே போனாங்க. "சார், இவர்கிட்டதான் எங்க வீட்டுக்காரர் கொடுத்து விட்டார். நீங்களே கேட்டுப் பாருங்க."

அங்க இருந்த அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டினார். "இவர் எங்க பார்ட்னர் லிஸ்ட்ல இல்லையே?"

பிச்சமுத்துவுக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! "ஏன் சார், சோறு கொண்டுபோன என் காலு உங்க கணக்குல வந்துடுச்சு. ஒடைஞ்ச அவன் காலு வரலையா?"

அதிகாரி மறுபடியும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிட்டாராம்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். 'விழுந்தா பட்டனை அமுக்காதீங்க'ன்னு புத்தி சொல்லிட்டு நான் உக்காந்துடட்டுமா? மாட்டேன். எனக்கு அலுத்துப் போச்சுங்க. எத்தனை கூட்டம்... எத்தனை மனு... போன வருஷமும் இதே மேடை, இதே மைக், அப்பவும் இப்படித்தான் கரகரன்னுச்சு! அதோ வாட்ச்மேன் அண்ணன் உக்காந்திருக்கார், அவரை 'நீ ஏஜென்சி ஆளு'ம்பாங்க. வீட்டு வேலை செய்யற அக்கா இருக்காங்க, அவங்களை 'நீ எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி'ம்பாங்க. ஆளுக்கு ஒரு பேரு வெப்பாங்க. விழுந்தா மட்டும் யாருக்கும் நம்மளைத் தெரியாது!

நாம கேக்கறது தர்மம் இல்ல. காலையில வேலைக்குக் கிளம்பினதுல இருந்து வீடு வந்து சேர்ற வரைக்கும் அது வேலை நேரம்தான்னு சட்டத்துல எழுதுங்க. வேலை வாங்கறவங்கதான் பொறுப்புன்னு எழுதுங்க. அவ்வளவுதான் தீர்மானம்.

அந்தப் பச்சை கேட்டு வீட்டுக்காரங்க அன்னைக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க... 'சாப்பாடு சூடா வந்துச்சு'ன்னு. சகாயராஜ் கட்டில்ல படுத்துக்கிட்டு அதை எனக்குக் காட்டினார் தோழர்களே... சந்தோஷமா! அந்தச் சந்தோஷத்தைப் பாத்துதான் எனக்கு இந்தக் கோபமே வந்துச்சு.

கையைத் தூக்குங்க.