ஐஸ் தொழிற்சாலைச் சுவரோரம் ஐந்து கடைகள்

நீங்கள் கொடுத்த காப்பி நன்றாக இருக்கிறது. கோப்பையைக் கழுவுகிறவர்தான் விளிம்பைச் சரியாகத் தேய்ப்பதில்லை. பதினெட்டு வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

என் பெயர் நல்லையா. 1957 ஜூன் மாதம் இந்த ஊரில், காஜா பேராங் பேட்டையில் பதினொரு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். உடம்பு கொதிக்கும், வறட்டு இருமல் வரும், மூன்றாம் நாள் பெண்டாட்டி பிள்ளைகளை அடையாளம் தெரியாது. நான்கு பேர் இறந்தார்கள். அந்த வருஷம் ஊரெல்லாம் ஃப்ளூ. ஆகவே டாக்டர் ராஜரத்தினமும் ஃப்ளூ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளைக்காரர் காலி செய்த சுகாதார அதிகாரி நாற்காலியில் அவர் உட்கார்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாற்காலியோடு மூளையும் சேர்ந்து வரும் என்று நம்பியவர்.

ஃப்ளூ வீட்டுக்குள் ஒருவரை விட்டு ஒருவரைப் பிடிக்கும். இது அப்படிப் பிடிக்கவில்லை. புருஷன் செத்தான், அவனுக்குக் கஞ்சி ஊட்டிய மனைவிக்குத் தும்மல்கூட இல்லை. இதைப் பார்க்கப் பட்டம் வேண்டியதில்லை. நான் கிணறுகளைச் சோதித்தேன், பால்காரர்களின் பாத்திரங்களைச் சோதித்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பல தலைமுறையாக இங்கேயே வாழும் செட்டி குடும்பங்களில் மலாய் மொழியில் கேட்டேன், அவர்களுக்குத் தமிழ் வராது. எந்த மொழியில் கேட்டாலும் ஜனங்கள் சொல்வது ஒன்றுதான், கண் பட்டுவிட்டது. அந்தக் குப்பையிலிருந்துதான் உண்மையைப் பொறுக்க வேண்டியிருந்தது.

பொறுக்கினேன். பதினொரு பேரும் தினமும் ஐஸ் தொழிற்சாலையின் கிழக்குப் பக்கம் கொஞ்ச நேரமாவது இருந்தவர்கள். ஒருவர் தையல்காரர், ஒருவர் முடிதிருத்துபவர், மற்றவர்கள் அங்கே பஸ்ஸுக்கு நின்றவர்கள். தொழிற்சாலைக் கூரைமேல் மரச்சட்டங்களால் ஆன ஒரு கூடு உண்டு. இயந்திரத்தின் சூடான தண்ணீர் அதன் வழியாக வழிந்து குளிர்ந்து கீழே தொட்டியில் விழும். விசிறி அந்தத் தண்ணீரைச் சாரலாக்கி வெளியே தள்ளும், கடற்காற்று அதைக் கிழக்கே கொண்டுபோகும். நான் தொட்டியில் சலவை நீலம் கரைத்து, எட்டுத் திசையிலும் வெள்ளைத் துணி கட்டினேன். கிழக்குத் துணிகளில் மட்டும் நீலப் புள்ளிகள். நூறு கெஜம் வரைக்கும் இருந்தன.

அறிக்கை எழுதினேன். டாக்டர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவேயில்லை.

"சாரல் பட்டா நிமோனியா வருமெண்டால், மழைக்கு இந்த ஊரே செத்திருக்க வேணுமே, நல்லையா."

"மழைத் தண்ணீர் வேறு, தொட்டியில் வெதுவெதுப்பாகக் கிடந்து ஊறிய தண்ணீர் வேறு, டாக்டர்."

"உமக்கு லீவு வேணுமெண்டால் கேளும்." பக்கத்தில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். என்னைவிடச் சின்ன வயதுக்காரர்கள்.

ஆகஸ்டில் விசிறி மோட்டார் எரிந்தது. சாரல் நின்றது, காய்ச்சலும் நின்றது. மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்குத் தோரணம் கட்டிய அதே வாரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "பார்த்தீரா, ஃப்ளூ தானாய்ப் போயிட்டுது" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நோயை நிறுத்துவதால் எதையும் நிரூபிக்க முடியாது. நின்றுபோனதற்கு ஒரு முட்டாள் எந்தக் காரணத்தையும் சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் கடைசியில் புது மோட்டார் வந்தது. தொழிற்சாலைக் கணக்கர் கலியாணசுந்தரம் என்னிடம் வந்தார். நல்ல மனிதர், அதாவது சொன்னதைச் செய்பவர்.

"தொட்டியில பாசி கட்டி நாறுது சார். முதலாளி தவுக்கே குளோரின் போட்டுக் கழுவிட்டு ஓட்டச் சொல்றாரு."

"ஆய்வு நடக்கிறது. ஒரு மாதம் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லி, முத்திரை போட்ட கடிதமும் கொடுத்தேன். தொட்டியைக் கழுவாமலே விசிறியை ஓட்டினார்கள்.

பள்ளிக்கூடத்து வாசலில் இருந்த பத்துத் தள்ளுவண்டிக் கடைகளை இடம் மாற்றும் வேலையும் அப்போது என் மேசைக்குத்தான் வந்தது. ஐந்தைத் தொழிற்சாலையின் கிழக்குச் சுவரோரம் போட்டேன். ஐந்தை மேற்கே, சாரல் எட்டாத சந்து முனையில் போட்டேன். ஒரே ஊர், ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே மாதம். இதைவிடச் சுத்தமான சோதனையை யாரும் செய்திருக்க முடியாது.

சுவரோரம் அப்பம் சுட்ட அஞ்சலை ஒரு நாள் காலையில் எனக்கு இரண்டு அப்பம் இலையில் மடித்துக் கொடுத்தாள். நான் சாரல் எட்டாத தெருமுனையில் நின்று, அவளை அங்கே வரச்சொல்லித்தான் வாங்கினேன்.

"அந்தப் பக்கம் போனவங்களுக்கு ஒரே பானாஸ் ஐயா, வெயில் தாங்கல. நீங்க நமக்குப் பார்த்துக் கொடுத்த இடம் ஜில்லுன்னு இருக்கு லா."

"அங்கேயே இருங்கள், மாற வேண்டாம்" என்றேன்.

பதினாறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்து ரொஜாக் பலகாரம் விற்ற சிஹாபுதீன். மகள் மஜீதா அவருக்குப் பதிலாகக் கடைக்கு வர ஆரம்பித்தாள். அவள் சேர்ந்தால் எண்ணிக்கை குழம்பும் என்று அவளைத் திருப்பி அனுப்பினேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பேரில் நால்வர் விழுந்தார்கள், மூவர் இறந்தார்கள். அஞ்சலை அதில் ஒருத்தி. மேற்குப் பக்கம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முதல் ஆள் விழுந்தபோதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். ஒன்று தற்செயல் என்பார் அவர். இரண்டையும் தற்செயல் என்பார். நான்கு வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. நவம்பர் முதல் தேதி தொட்டியைக் கழுவச் சொன்னேன், அதற்குப் பிறகு காஜா பேராங்கில் யாரும் அந்தக் காய்ச்சலில் விழவில்லை. அது என்னால்தான். இந்த ஊர் அதைத் தெரிந்துகொள்ளாது.

இரண்டாவது அறிக்கையை டாக்டர் கடைசிப் பக்கம் வரை படித்தார். தொழிற்சாலைக்கு நான் கொடுத்த கடிதத்தின் தேதியைப் பார்த்தார், கடைகள் மாறிய தேதியைப் பார்த்தார். இரண்டு தேதிகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"சுவரோரம் போட்ட அஞ்சு பேரையும் எப்படித் தெரிஞ்செடுத்தீர்?"

"வயதானவர்கள், சுருட்டு பிடிப்பவர்கள், ஏற்கெனவே இருமல் உள்ளவர்கள். முடிவு சீக்கிரம் தெரிய வேண்டும் அல்லவா."

"மற்ற அஞ்சும் இளம் ஆட்கள்." அவர் அறிக்கையை மூடி வைத்தார். "அப்ப இது ஒண்டையும் நிரூபிக்கேல்லை, நல்லையா. நீர் சும்மா மூண்டு பேரைச் சாகடிச்சிருக்கிறீர்." பிறகுதான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

இரண்டு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சரியாகச் சொல்லியிருக்கிறார். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரிப்பேன்.