பதினொரு நிமிடத்தில் ஒரு மாஸ்டர்

நான் பல் கட்டுகிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் பேசுகிறீர்கள் சார். தாராளமாகச் சிரிக்கலாம். கீழ்வரிசையில் இரண்டு பல் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான், அதற்கெல்லாம் நான் வாக்குமூலம் வாங்க மாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். இன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காலையில் முகம் கழுவும்போது என்னையறியாமல் பாட்டு வந்தது, காவலுக்கு நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் பட்டம் என்றால் என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டும். செஸ்ஸில் தேசிய மாஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஒன்றுதான், வாங்கும் வழிதான் நாட்டுக்கு நாடு வேறு. ஒரு நாட்டில் உங்கள் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்குப் போடும் மதிப்பெண், ஒரே ஒரு தடவை குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் போதும், மறுநாளே அதலபாதாளத்துக்குப் போனாலும் ஆயுள் முழுக்க நீங்கள் மாஸ்டர். இன்னொரு நாட்டில் தேசியப் போட்டியில் முதல் சில இடங்களுக்குள் வர வேண்டும். வேறொன்றில் நல்ல ஆட்டம் ஆட ஆட, வருடக்கணக்கில் எறும்பு மாதிரிப் புள்ளி சேர்க்கலாம். எங்கள் நாட்டில் மூன்று நார்ம் வேண்டும். ஒன்பது சுற்றுள்ள போட்டியில், ஏற்கெனவே பட்டம் பெற்ற மூன்று பேரோடாவது மோதி, மொத்தம் ஆறரைப் புள்ளி எடுத்தால் அது ஒரு நார்ம். நான் முதல் இரண்டை எடுக்கப் பத்தொன்பது வருடம் ஆயிற்று.

இந்தச் சட்டங்களை எல்லாம் நாடு வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சாப்பிடும்போது படிப்பேன். ஒருநாள் மனைவியிடம், "புள்ளி சேக்கிற நாட்டுக்கே குடிபோயிடலாமா?" என்று கேட்டேன். "அங்க உள்ளவங்களுக்குப் பல்லு விழுதான்னு கேட்டுக்கிட்டுப் பெட்டியைக் கட்டுங்க," என்றாள். நான் கடிதம் போட்டே விசாரித்தேன். விழுகிறதாம். ஆனால் என் தொழில் சான்றிதழ் அங்கே செல்லாதாம்.

இனி சகலை. என் கொழுந்தியாளின் கணவர், முதலில் சொன்னேனே, அந்த நாட்டில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். பார்த்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய ரேட்டிங் அந்த எண்ணைத் தொட்டு, ஒன்பது நாள் நின்றுவிட்டு, இறங்கிவிட்டது. ஒன்பதே நாள் சார். அதற்காக எங்கள் வீட்டில் அத்தனை பேரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். "மாஸ்டருக்கு இன்னொரு தலையணை குடுங்க," என்பார் மாமியார். எனக்குத் தலையணை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. வயிறு எரிந்தது, இல்லை என்று சொன்னால் இது வாக்குமூலமே ஆகாது. ஆனால் அவர் தங்கமான மனிதர். நான் அவரை ஒருநாளும் வெறுத்ததில்லை, அதையும் எழுதுங்கள்.

இந்த முறை அவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, நான் பெயர் கொடுத்திருந்த போட்டியில் பட்டம் பெற்றவர்கள் இரண்டே பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது ஆள் இல்லையென்றால் நான் ஒன்பதையும் ஜெயித்தாலும் நார்ம் கிடையாது. சகலையிடம் போய் நின்றேன். அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொழுந்தியாள் என்னை முறைத்தாள். அவரோ, "உக்காந்து ஆடுறதுதானே, உங்களுக்காக வரேன் சகலை," என்று சிரித்தார். தினமும் கிளம்பும்போது அவள் அவர் கோட்டின் உள்பையில் மாத்திரையை வைத்துவிட்டு என்னிடமும் சொல்லி அனுப்புவாள். "அத்தான், நெஞ்சு வலின்னா நாக்குக்கு அடியில ஒண்ணு வைக்கணும். பாத்துக்குங்க." பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் தினமும் சொன்னேன்.

எட்டுச் சுற்று முடிவில் என்னிடம் ஐந்தரைப் புள்ளி. கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே சகலை. ஜெயித்தால் ஆறரை, மூன்றாவது நார்ம், பட்டம். டிரா ஆனாலும் போச்சு. அன்று காலை செருப்பு மாட்டும்போது அவர் என் காதருகே குனிந்து, "நான் தோத்துடட்டுமா? யாருக்கும் தெரியாது," என்றார். எனக்கு வந்த கோபத்தில் வார் அறுந்துவிட்டது. "நேர்மையா வாங்கணும் சகலை. பிச்சை போடாதீங்க," என்றேன். அவர் முகம் சுருங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆட்டம் நாலு மணியைத் தாண்டியும் இழுத்துக்கொண்டிருந்தது. மற்ற மேசைகள் எல்லாம் முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். நடுவருக்கு மூக்கடைப்பு, மூச்சு விட்டாலே கீச்சென்று கேட்கும், அதனால் எல்லோரும் அவரை விசில் என்போம். விசிலும் பரிசுப் பட்டியல் தட்டச்சு செய்யப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். சகலை டிரா கேட்டார், நான் தலையாட்டி மறுத்தேன். நாலு பன்னிரண்டுக்கு அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

அப்போது காய் நகர்த்த வேண்டியவன் நான். இதுதான் முக்கியம் சார், மெதுவாகவே எழுதுங்கள். விசிலைக் கூப்பிட்டால் ஆட்டம் நிற்கும். உடம்பு சரியில்லாமல் பாதியில் நின்ற ஆட்டம் எங்கள் சட்டப்படி நார்முக்குக் கணக்கில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் ஓடுவது என் நேரம். அதனால் ஓரத்தில் கிடந்த சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினேன். இப்போது அவருடைய நேரம் ஓடியது. பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது, அது தீர்ந்தால் அவர் தோற்றதாகக் கணக்கு.

"சகலை, கோட்டு... மாத்திரை..." என்றார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். ஆட்டத்தின் நடுவில் எதிராளியோடு பேசக் கூடாது, சுவரிலேயே பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள்.

அவர் கையைப் பின்னால் வளைத்து, நாற்காலி முதுகில் கிடந்த கோட்டைத் தேடினார். அது நழுவித் தரையில் விழுந்தது. எதிராளியின் நேரத்தில் எழுந்து நடக்க நமக்கு அனுமதி உண்டு. எழுந்து போய், கோட்டை எடுத்துத் தூசி தட்டி, கதவருகே இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. கடிகாரத்தில் எண் குறையக் குறைய உடம்பெல்லாம் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். என் பெயருக்கு முன்னால் வரப்போகிற பட்டத்தை மேசைக்கடியில் தொடையில் விரலால் எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் சாய்வாக எழுதினால் இன்னும் எடுப்பாக இருந்தது. அவர் தலை பலகையின் ஓரத்தில் சாய்ந்தபோது இரண்டு காய்கள் உருண்டன. எடுத்து அதனதன் கட்டத்தில் வைத்தேன். நாலு இருபத்து மூன்றுக்கு அவர் பக்கம் பூஜ்யம் வந்தது. விசிலைக் கூப்பிட்டு, "அவருக்கு நேரம் முடிஞ்சுது, குறிச்சுக்குங்க," என்றேன். குறித்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன்.

மருத்துவர் இதயம் என்றார். அத்தோடு முடிந்தது. கொழுந்தியாள்கூட என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். என்னைப் பிடித்தது உங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள் சார். ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுத வேண்டும் என்பது சட்டம். நேரம் முடிந்து ஜெயிப்பவன் நடந்ததைத் தாளில் குறித்துக்கொள்வதும் நல்லது, நாளைக்கு யாராவது ஆட்சேபித்தால் ஆதாரம் வேண்டுமே. ஆகவே குறித்தேன். 4.12, தோளைப் பிடித்தார். 4.13, மாத்திரை கேட்டார், நான் பேசவில்லை. 4.15, கோட்டைக் கொக்கியில் மாட்டினேன். 4.19, தலை சாய்ந்தது. 4.23, வெற்றி. பட்ட விண்ணப்பத்தோடு ஆட்டத் தாள்களை இணைக்க வேண்டும் என்றிருந்தது, மறுநாள் காலையிலேயே இணைத்து அனுப்பினேன். பட்டம் வழங்கும் குழுவின் செயலாளர் அம்மா ஒரு வரி விடாமல் படிப்பவராம். படித்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தார். பட்டத்துக்கு முத்திரையைக் குத்திவிட்டுச் செய்திருக்கலாம்.

ஆமாம் சார், அவரைச் சாகவிட்டவன் நான்தான். கோட்டை வேண்டுமென்றேதான் தள்ளி மாட்டினேன். கையெழுத்துப் போடுகிறேன், தாளைக் கொடுங்கள்.

ஏதாவது வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். ஒன்று உண்டு. நேற்று உட்கார்ந்து அந்த ஆட்டத்தை மனதுக்குள் திரும்ப ஆடிப் பார்த்தேன். அந்த ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன் இல்லையா, அதற்குப் பதிலாகக் குதிரையைத் தூக்கி அவர் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், மூன்றாவது நகர்வில் செக்மேட். ஒரே நிமிடத்தில் ஆட்டம் முடிந்திருக்கும். பட்டமும் கிடைத்திருக்கும், மாத்திரையும் அவர் நாக்குக்கடியில் போயிருக்கும். அது என் கண்ணில் படவே இல்லை. இதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள் சார். குழுவில் யாராவது படித்தால், இவனெல்லாம் ஒரு மாஸ்டரா என்று கேட்டுவிடுவார்கள்.